டெஸ்டினிஸ் சைல்டின் 'இன்டிபென்டென்ட் விமன்': பீற்றலா, கணக்கா?

தேன்மொழி

வணக்கம். நேற்று வேறொரு இழையில் பெண்கள் குழுப் பாடல்கள் பற்றிப் பேச்சு வந்தபோது ஒருவர், "அந்தப் பாட்டில் அப்படி என்ன இருக்கிறது? செருப்பு வாங்கினேன், மோதிரம் வாங்கினேன் என்று பீற்றிக்கொள்வதுதானே" என்று எழுதியிருந்தார். அங்கேயே பதில் எழுத ஆரம்பித்தேன், நீண்டுவிட்டது. அதனால் தனி இழை.

பாட்டைக் கேட்காதவர்களுக்காக: 2000-ஆம் ஆண்டு வந்த 'சார்லீஸ் ஏஞ்சல்ஸ்' படத்துக்காக டெஸ்டினிஸ் சைல்ட் என்ற அமெரிக்கப் பெண்கள் குழு பாடியது இது. அந்த நவம்பரில் அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பாடல் பட்டியலில் முதலிடத்துக்கு வந்து, 11 வாரம் அங்கிருந்து இறங்கவில்லை. பிரிட்டனிலும் முதலிடம் பிடித்தது. குழுவில் இருந்த பியான்சேவுக்கும் கெல்லி ரோலண்டுக்கும் அப்போது வயது 19. மிஷெல் வில்லியம்ஸ் குழுவில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

இனி என் வாதம். நம் மொழியில் 'வாங்கினேன்' என்றால் காசு கொடுத்து வாங்கியதும் உண்டு, கைநீட்டி வாங்கியதும் உண்டு. "இந்த மோதிரம் யாரிடம் வாங்கினது?" என்று ஒரு பெண்ணிடம் கேட்டால், கேட்பவர் இரண்டில் எதைக் கேட்கிறார் என்று அவளுக்குத் தெரியும். அந்தப் பாட்டு முழுக்க இந்த இரண்டு வாங்கலுக்கும் நடுவில் கோடு கிழிக்கிற வேலைதான் நடக்கிறது. காலில் கிடக்கும் செருப்பு, போட்டிருக்கும் உடுப்பு, விரலில் இருக்கும் கல், குடியிருக்கும் வீடு, ஓட்டும் கார் என்று ஒவ்வொன்றாக வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரே பதில்தான்: என் காசு. நீ கட்டியிருக்கும் கடிகாரம் எனக்குப் பிடித்திருந்தால் அதையும் நானே வாங்கிக்கொள்வேன் என்று ஓர் இடம் வருகிறது. உன்னிடம் கேட்டு நிற்க மாட்டேன் என்பதுதான் அதற்குப் பொருள்.

பொருள்களின் பட்டியலாகக் கேட்டால் பீற்றலாகத்தான் தெரியும். ஒருமுறை கணக்கு நோட்டாகக் கேட்டுப் பாருங்கள். "உனக்கு நான் என்ன பாக்கி?" என்ற கேள்வியைத் தானே எழுப்பி, "ஒன்றும் இல்லை" என்று அவர்கள் கணக்கை முடிப்பது கேட்கும். ஒருவன் பரிசாகக் கொடுத்த பொருளுக்குப் பிறகு என்ன எதிர்பார்ப்பு வரும் என்று பெண்களுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை.

இது வெறும் தோரணை இல்லை என்பதற்கு ஒரு பின்னணியும் உண்டு. கணவரின் கையெழுத்து இல்லை என்று சொல்லி ஒரு பெண்ணுக்குக் கடன் அட்டையை மறுப்பது அமெரிக்காவில் 1974-இல் வந்த சட்டத்துக்குப் பிறகுதான் சட்டவிரோதமானது. முதலில் அந்தச் சட்டத்தில் பாலினமும் திருமண நிலையும்தான் இருந்தன, இனத்தை 1976-இல்தான் சேர்த்தார்கள். ஒரு பெண் தொழில் கடன் கேட்டால் ஆண் உறவினரின் கையெழுத்தைக் கேட்கலாம் என்ற விதி சில மாநிலங்களில் 1988 வரை இருந்தது. பியான்சேவுக்கு அப்போது ஏழு வயது. இந்தப் பாட்டைப் பாடியவர்களின் அம்மாக்கள் எந்த உலகத்தில் கணக்குத் தொடங்கினார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

பழையகேசட்

அந்த இழையில் அப்படி எழுதியது நான்தான் சகோதரி. கோபித்துக்கொள்ளாமல் பொறுமையாக எழுதியதற்கு நன்றி. 'வாங்கினேன்' விளக்கம் எனக்குத் தோன்றாத ஒன்று, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனாலும் என் மனம் முழுதாக ஏற்கவில்லை. வைரம் வாங்க முடிந்தவள்தான் சுதந்திரமானவள் என்றால், வாங்க முடியாத பெண்கள் எங்கே போவார்கள்? குறைந்த கூலிக்கு வேலை பார்த்து, யாருக்கும் தலைகுனியாமல் பிள்ளைகளை வளர்க்கும் பெண்ணின் பெயர் அந்தப் பாட்டில் எங்கே இருக்கிறது? கடையில் காசை எண்ணிக் கொடுப்பதையே விடுதலை என்று சொன்னால், அதில் மகிழ்வது கடைக்காரர்தான். இதை நான் ஆண் என்ற முறையில் சொல்லவில்லை. ஒரே வருமானத்தில் எங்களை வளர்த்த அம்மாவின் மகனாகச் சொல்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. இதற்கு முந்தைய வருடம், 1999-இல், இதே குழு 'பில்ஸ், பில்ஸ், பில்ஸ்' என்று பாடியது. அதுவும் முதலிடம். அங்கே காதலனிடம், என் பில்களைக் கட்ட உன்னால் முடியுமா என்று கேட்கிறார்கள். அடுத்த வருடமே எனக்கு யாரும் கட்ட வேண்டாம் என்கிறார்கள். எதை நம்புவது?

தேன்மொழி

அந்தப் பாட்டை முதலிலிருந்து கேளுங்கள் அண்ணா. காதலன் முதலில் நன்றாகத்தான் இருக்கிறான். பிறகு அவளுடைய காரை எடுத்து ஓட்டுகிறான், அவளுடைய கடன் அட்டையைத் தேய்க்கிறான், அவளுடைய போனில் பேசித் தீர்த்துவிட்டு, பில் வந்ததும் தெரியாதவன் மாதிரி நிற்கிறான். நீ ஏற்றிவைத்த பில்லை நீ கட்டு என்றுதான் அவள் கேட்கிறாள். வெளியே வந்தபோது பலரும் அந்த முதல் பாதியைக் கேட்காமலே காசு பிடுங்கும் பெண்கள் என்று பட்டம் கட்டினார்கள். இரண்டு பாட்டும் எனக்கு ஒரே நோட்டின் அடுத்தடுத்த பக்கங்களாகத்தான் படுகின்றன.

உங்கள் முதல் கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் சொந்தமாகச் சம்பாதிக்கிற பெண்கள், லாபம் பார்க்கிற அம்மாக்கள், எல்லோரும் கையைத் தூக்குங்கள் என்று நடுவில் கூப்பிடுவார்கள். அந்த 'அம்மாக்கள்' என்ற சொல்லில் உங்கள் அம்மாவும் இருக்கிறார் என்றுதான் நான் நினைக்கிறேன்.

கீபோர்ட்கதிர்

நான் கல்யாணக் கச்சேரிகளில் கீபோர்ட் வாசிப்பவன், அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. பெண் விடுதலைப் பாட்டு என்றால் கையை ஓங்கிக் கத்துகிற மாதிரி இருக்கும் என்று எதிர்பார்ப்போம். இதில் அப்படி எதுவும் இல்லை. குரல் தாழ்ந்து, பேசுகிற மாதிரி, ஒரு தாளத்துக்குள் ஏழெட்டுச் சொற்களைத் திணித்துப் பாடுகிறார் பியான்சே. பேரம் பேசத் தெரிந்த ஒருவர் வேகமாகக் கணக்குச் சொல்லும் தொனி அது. பல்லவியில்தான் குரல்கள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி ஏறும். தனியாகச் சொன்ன கணக்குக்குக் கூட்டமாகச் சாட்சி சொல்வது போல இருக்கும். சர்ச்சில் பாடிப் பழகிய குரல்களுக்கு அந்த அடுக்கு இயல்பாக வரும்.

ஆனால் நான் எழுத வந்தது வேறு. இந்தப் பாட்டை எழுதியவர்கள் என்று நான்கு பெயர்கள் பதிவாகியிருக்கின்றன: பியான்சே, கோரி ரூனி, ட்ராக்மாஸ்டர்ஸ் என்ற பெயரில் சேர்ந்து இசை தயாரித்த சாமுவேல் பார்ன்ஸ், ஜான்-க்ளாட் ஒலிவியே. மூன்று பெண்கள் பாடினார்கள், அதில் ஒருவர் பெயர்தான் எழுதியவர் பட்டியலில். இது ஏன் முக்கியம்? அமெரிக்காவில் அந்த வருடம் பாட்டாசிரியருக்கான சட்டப்படியான உரிமைத்தொகை, விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் பாட்டு ஒன்றுக்கு 7.55 சென்ட். ஒப்பந்தத்தில் அதைக் குறைப்பதும் வழக்கம்தான். எவ்வளவானாலும் அது எழுதியவர்களுக்கும் பதிப்பாளர்களுக்கும் போகிற பணம். பாடகரின் பங்கு தனி. நிறுவனம் கொடுத்த முன்பணம், ஒலிப்பதிவுச் செலவு, வீடியோச் செலவில் ஒரு பங்கு என்று எல்லாம் கழிந்த பிறகுதான் அது கைக்கு வரும். பல பேருக்கு வராமலே போகும்.

டிஎல்சி என்ற இன்னொரு அமெரிக்கப் பெண்கள் குழுவை நினைத்துக்கொள்ளுங்கள். 'க்ரேசிசெக்ஸிகூல்' ஆல்பம் உலகம் முழுக்க ஓடிக்கொண்டிருந்த 1995-இல் அவர்கள் திவால் மனு கொடுத்தார்கள். 1996 கிராமி விழாவில் விருது வாங்கிவிட்டு, ஒரு கோடிப் பிரதி விற்ற குழு எப்படிக் கையில் காசில்லாமல் நிற்கும் என்று செய்தியாளர்களுக்குக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். அதற்கு எதிர்முனையில் கேண்டி பர்ரஸ் இருக்கிறார். எக்ஸ்கேப் குழுவில் பாடியவர். டிஎல்சியின் 'நோ ஸ்க்ரப்ஸ்', நீங்கள் சொன்ன 'பில்ஸ், பில்ஸ், பில்ஸ்' இரண்டையும் எழுதியவர்களில் ஒருவர். 2017-இல் பாடகர் எட் ஷீரனின் 'ஷேப் ஆஃப் யூ' வந்தபோது ஒரு பகுதி 'நோ ஸ்க்ரப்ஸ்' போலவே இருக்கிறது என்று பேச்சு கிளம்பியது. கேண்டியின் பெயரும் உடன் எழுதியவர்கள் பெயரும் அந்தப் பாட்டின் ஆசிரியர் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அதற்கு 18 வருடம் முன்பு போட்ட கையெழுத்து அது. தேன்மொழி சொல்லும் கணக்கு நோட்டு என்னைப் பொறுத்தவரை இங்கேதான் இருக்கிறது. பாட்டில் வரும் செருப்பையும் வைரத்தையும்விட, ஆசிரியர் பட்டியலில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.

செல்வம்77

கதிர் தொட்ட இடத்திலிருந்து நான் தொடர்கிறேன். இந்தப் பாட்டை நான் மிகவும் விரும்புகிறேன், ஆனால் கேட்கும்போதெல்லாம் லட்டோயா லக்கெட், லடாவியா ராபர்சன் இருவரின் முகமும் நினைவுக்கு வந்துவிடுகிறது.

குழு பியான்சே, கெல்லி, இந்த இருவர் என நான்கு பேராகத் தொடங்கியது. மேலாளர் பியான்சேவின் அப்பா மேத்யூ நோல்ஸ். 1999 டிசம்பரில் லட்டோயாவும் லடாவியாவும், எங்களுக்கு வேறு மேலாளர் வேண்டும் என்று எழுத்தில் கொடுத்தார்கள். குழுவை விட்டுப் போகிறோம் என்று சொல்லவில்லை. 2000 பிப்ரவரியில் குழுவின் 'சே மை நேம்' பாட்டுக்கு வீடியோ வெளியானது. அதில் அவர்கள் இடத்தில் வேறு இரண்டு பெண்கள் நின்றார்கள். பதிவில் இருந்த குரல் பழைய இருவருடையது, திரையில் வாயசைத்தது மிஷெலும் ஃபாரா ஃப்ராங்க்ளினும். ஃபாராவும் ஐந்தே மாதத்தில் போய்விட்டார். வழக்கு நடந்து பிறகு சமரசம் ஆனது. அதே வருடம் நவம்பரில், நான் என்னை மட்டுமே நம்புகிறேன் என்று உலகமே சேர்ந்து பாடுகிறது.

"எனக்கு வேறு ஆள் வேண்டும்" என்று கேட்டதைவிடச் சுதந்திரமான செயல் என்ன இருக்கிறது? அதைச் செய்த இருவரும் அந்தப் பாட்டில் இல்லை. இது பியான்சே மீது பழி போடுவதற்காக இல்லை. 18 வயதுப் பெண், அப்பாதான் மேலாளர், அவர் கையில் என்ன இருந்திருக்கும்? அவரே அப்பாவின் நிர்வாகத்திலிருந்து விலகியது 2011-இல்தான். பாட்டு வந்து பத்து வருடத்துக்கும் மேல்.

லட்டோயா 2006-இல் தன் பெயரிலேயே ஓர் ஆல்பம் போட்டார், பில்போர்டு ஆல்பம் பட்டியலில் முதலிடத்தில் நுழைந்தது. அந்தச் செய்தியைப் படித்த நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது, சொந்தத் தங்கை ஜெயித்த மாதிரி இருந்தது.

மினு

கே-பாப் என்கிற கொரிய பாப் இசைப் பக்கம் இதே கதை இன்னும் அப்பட்டமாக நடந்திருக்கிறது. மிஸ் ஏ குழு 2012-இல் 'ஐ டோன்ட் நீட் எ மேன்' பாடியது. என் வாடகையை நானே கட்டுகிறேன், என் சாப்பாட்டை நானே பார்த்துக்கொள்கிறேன் என்கிற பாட்டு. எழுதியவர் அவர்கள் நிறுவனத்தைத் தொடங்கிய ஜே.ஒய். பார்க். ஓர் ஆண் முதலாளி எழுதிக் கொடுத்த சுதந்திரப் பாட்டு! கேட்க எனக்குப் பிடிக்கும். ஆனாலும் ஜி-ஐடில் குழுவின் சோயோன் தானே எழுதிப் பாடும்போது காதில் வேறு மாதிரி விழுகிறது. ஸ்பைஸ் கேர்ள்ஸ் 1997-இல் தங்கள் மேலாளரையே நீக்கினார்கள், அதையும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

பழையகேசட்

செல்வம், கதிர் இருவர் எழுதியதையும் இரண்டு முறை படித்தேன். அப்படியென்றால் என் கேள்வி இன்னும் பலமாகிறது இல்லையா? பாட்டில் 'நான்' என்று வருகிற அந்தப் பெண் நிஜத்தில் யாரையும் சாராதவள் இல்லை. அப்பா, நிறுவனம், ஒப்பந்தம் எல்லாம் பின்னால் நிற்கின்றன. பிறகு 2005-இல் 'கேட்டர் 2 யூ' என்று, களைத்து வரும் காதலனுக்குப் பணிவிடை செய்யும் பாட்டும் பாடினார்கள். எது உண்மை?

தேன்மொழி

'கேட்டர் 2 யூ' பற்றி எனக்குக் குழப்பம் இல்லை. காலைப் பிடித்துவிடச் சொல்லி ஒருவன் கேட்டுச் செய்வது வேறு, மனம் விரும்பிச் செய்வது வேறு. அதை விட்டுவிடுகிறேன்.

முதல் பகுதிக்கு வருகிறேன். அப்பா பின்னால் நின்றார் என்று எல்லோரும் சொல்கிறோம். அம்மா எங்கே நின்றார் என்று யாரும் கேட்கவில்லை. டீனா நோல்ஸ் ஹூஸ்டனில் ஹெட்லைனர்ஸ் என்ற முடி அலங்கார நிலையம் நடத்தினார். இந்தப் பெண்கள் சிறுமிகளாக இருந்தபோது அங்கே உட்கார்ந்திருக்கும் வாடிக்கையாளர்கள் முன்னால்தான் பாடிப் பழகினார்கள். தலையை உலர்த்தியின் கீழே கொடுத்துக்கொண்டு நகர முடியாமல் இருக்கும் பெண்கள்தான் முதல் ரசிகைகள். 1995-இல் மேத்யூ நோல்ஸ் குழுவைக் கவனிக்க நல்ல சம்பளம் வந்த வேலையை விட்டார். வீட்டு வருமானம் பாதியானது. சலூன் வருமானம்தான் குடும்பத்தைத் தாங்கியது.

அப்புறம் உடுப்பு. பெரிய வடிவமைப்பு நிறுவனங்கள் இந்தப் பெண்களுக்கு உடை கொடுக்க முன்வரவில்லை. கறுப்பினப் பெண்கள், கிராமத்துத் தோற்றம், சதைப்பற்றான உடம்பு என்று ஒதுக்கினார்கள். 2016-இல் அமெரிக்க ஆடை வடிவமைப்பாளர் சங்க விருதை வாங்கும்போது பியான்சே இதை மேடையிலேயே சொன்னார். அதனால் அம்மாவே தைத்தார், ஜானி என்ற உறவினரும் கூடவிருந்து தைத்துக் கொடுத்தார். நான் போட்டிருக்கும் உடுப்பு என் காசு என்று மேடையில் பாடிக்கொண்டிருந்தபோது, அந்த உடுப்பில் ஓடிய நூல் அம்மா கையால் போட்டது. இதை வைத்துப் பாட்டு பொய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. லாபம் பார்க்கிற அம்மாக்கள் என்று கூப்பிட்டது யாரை என்று எனக்கு இப்போது தெரிகிறது. பழையகேசட் அண்ணா, நீங்கள் தேடிய அந்தப் பெண், ஒரே வருமானத்தில் வீட்டைத் தாங்கியவர், பாட்டுக்குப் பின்னால் நிற்கவில்லை. பாட்டு அவருடைய கடையிலிருந்து கிளம்பி வந்தது.

வாசுகி

இந்தத் தளத்தில் பல வருடமாகப் படிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் முறை. தவறு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒன்பது வருடம் என் சம்பளக் கணக்கின் அட்டை என் பையில் இருந்ததில்லை. கணவரிடம் இருந்தது. அவர் குடிப்பவரோ அடிப்பவரோ இல்லை, கேட்டால் காசு கொடுப்பார். எதற்கு என்று கேட்டுவிட்டுக் கொடுப்பார். வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்தியும் அவர் போனுக்குத்தான் போகும். என் சம்பளம் வந்த தகவலை அவர் சொல்லித்தான் நான் தெரிந்துகொள்வேன்.

பாட்டை என் மகள்தான் போட்டுக் காட்டினாள். பாதி ஆங்கிலம் எனக்குப் பிடிபடவில்லை. அவள் ஒவ்வொரு வரியாக நிறுத்தி அர்த்தம் சொன்னாள். செருப்பு, உடுப்பு, வீடு என்று சொல்லிக்கொண்டே வந்தவள், "அம்மா, உன் செருப்பு யார் வாங்கினது?" என்று கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். பதில் சொல்லத் தெரியாமல் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். என் சம்பளத்தில் வாங்கியதுதான். ஆனால் தேன்மொழி சொல்கிற மாதிரி, கைநீட்டி வாங்கியது.

அதற்கு மூன்று வாரம் கழித்து மதிய உணவு நேரத்தில் வங்கிக்குப் போய்த் தொலைபேசி எண்ணை மாற்றும் படிவத்தை நிரப்பினேன். பழைய எண் என்ற கட்டத்தில் அவருடைய எண்ணை எழுதும்போது கை நடுங்கியது. புதிய எண் என்ற கட்டத்தில் என் எண்ணை எழுதியபோது நடுக்கம் இல்லை. அன்று இரவே அவரிடம் சொன்னேன். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் அட்டையை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு வேலைக்குப் போனார்.

அந்த வாரமே செருப்புக் கடைக்குப் போனேன். பிடித்த ஜோடியைக் கையில் வைத்துக்கொண்டு கால் மணி நேரம் நின்றிருந்தேன். பிடிக்காமல் இல்லை. இனி யாரிடம் கேட்க வேண்டும் என்று மனம் தேடிக்கொண்டே இருந்தது. பணம் கட்டிவிட்டு வெளியே வரும்போது போன் அதிர்ந்தது, கணக்கிலிருந்து இவ்வளவு எடுக்கப்பட்டது என்று. ஒன்பது வருடத்தில் என் போனுக்கு வந்த முதல் செய்தி.

செல்வம்77

அக்கா, வேறு எதுவும் எழுதத் தோன்றவில்லை. நல்லா இருங்க.

கீபோர்ட்கதிர்

வாசுகி அக்கா, உங்கள் மகளிடம் ஒன்று சொல்லுங்கள். அந்தக் குழு மூவரும் பிரிந்து சில வருடம் கழித்து, 2013-இல் சூப்பர் பௌல் என்ற அமெரிக்கக் கால்பந்து இறுதிப் போட்டியின் இடைவேளை மேடையில் மறுபடி சேர்ந்து இந்தப் பாட்டைப் பாடினார்கள். சில விநாடிகள்தான் வரும். அவளோடு உட்கார்ந்து பாருங்கள்.

பழையகேசட்

பீற்றல் என்று நான் எழுதிய சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். வைரத்தைப் பற்றிய என் கேள்வி அப்படியே இருக்கிறது, அதை வேறொரு நாள் பேசுவோம். வாசுகி அம்மா, கேட்கலாமா தெரியவில்லை, அந்தச் செருப்பு இப்போதும் இருக்கிறதா?

வாசுகி

இருக்கிறது ஐயா. ஒரு தடவை வார் அறுந்தது, தைத்துப் போட்டேன். அடிப்பாகம் தேய்ந்து இரண்டு முறை மாற்றியாகிவிட்டது. மகள் புதிதாக ஒன்று வாங்கித் தருகிறேன் என்கிறாள், அவளுக்கு இப்போது வேலை கிடைத்திருக்கிறது. வேண்டாம், இது இன்னும் ஒரு வருடம் வரும் என்று சொல்லியிருக்கிறேன்.